முல்லை வால்

சகாயம் துண்டை இன்னும் அழுத்தினான். அழுத்த அழுத்த அது கனத்தது. பச்சைத் துண்டு எப்போதோ நிறம் மாறிவிட்டது. விரல் இடுக்குகளில் சூடாக வழிந்த ரத்தம் குட்டியானை வண்டியின் தகரத் தரையில் இறங்கி, வண்டி திரும்பும்போதெல்லாம் தானும் ஒரு பக்கமாகத் திரும்பியது.

"மெதுவா ஓட்டுடா."

"மெதுவா ஓட்டினா ஆளு பூடுவான். வேகமா ஓட்டினா ரத்தம் பூடும். இன்னாதான் பண்ண சொல்ற?" டில்லிபாபுவின் குரல் முன்பக்கக் கம்பி ஜன்னல் வழியாக வந்தது. "பேச்சு குடுத்துக்கினே இரு. தூங்க வுட்றாத. நாடி நின்னா நம்ம பொழப்பும் நின்னுது."

தரையில் கிடந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு போன், நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி. காசிலிங்கம். திருவொற்றியூரில் ஜெராக்ஸ் கடை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால், ஐந்து மணி வாக்கில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மத்தியானம் சாப்பிட முடியாமல் போன எலுமிச்சைச் சாதத்தை ஸ்பூனால் கிளறிக்கொண்டிருந்தார். இப்போது அவர் விலாவுக்குக் கீழே, சகாயத்தின் கத்தி போய் வந்த வழியில் இரண்டு விரல் நுழையும்.

குத்துவதற்காக அவன் போகவில்லை. மிரட்டினால் போதும் என்றுதான் போனான். கத்தியைக் காட்டி, "ஒரு முல்லை வேணும், ஒண்ணே ஒண்ணு" என்றான். அந்த மனுஷன் பயப்படுவதற்குப் பதிலாக எட்டி இவன் முகமூடியைப் பிடித்து இழுத்தார். "யாருப்பா நீ? பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு" என்றார். கை தன்னால் முன்னே போய்விட்டது. திரும்பி வந்தபோது முழங்கை வரை சிவப்பு.

முல்லை என்றால் பூ இல்லை.

வேலைக்கு ஆள் பொறுக்குகிற வேலையை எல்லாக் கம்பெனிகளும் நிதானி என்ற ஒரே இயந்திர மூளையின் தலையில் கட்டி எட்டு வருடம் ஆகிறது. நிதானி லஞ்சம் வாங்காது. சாதி கேட்காது. சிபாரிசுக்கு மசியாது. ஆனால் பிடிக்காவிட்டால் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லாது. விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல். சத்தமே வராது.

அந்த மௌனத்துக்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. வால். மின்னஞ்சல் முகவரியில் சுழி போட்ட '@' எழுத்துக்கு அந்தப் பக்கம் வருகிற பகுதி. முல்லை என்ற பழைய அஞ்சல் சேவையின் முகவரி வைத்திருந்தவர்களுக்கு வேலை வந்தது. தெருவில் எவனுக்கும் சும்மா கிடைக்கிற முகவரி வைத்திருந்த பொதுவால்காரர்களுக்கு மௌனம் வந்தது. முல்லையோ பதினோரு வருடத்துக்கு முன்பே புது முகவரி கொடுப்பதை நிறுத்திவிட்டிருந்தது. இருப்பது இருப்பதுதான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? 'முல்லை வால் மணமகன், நகை தேவையில்லை' என்று விளம்பரம் வந்தது. அடுத்து கொலை வந்தது. அம்பத்தூரில் ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் கிளார்க் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தார். கொளத்தூரில் ஒரு நர்ஸ், பீரோவுக்குள். இரண்டு பேருக்கும் வலது கட்டைவிரலைக் காணவில்லை. முல்லையைத் திறக்க, பதிவான போனில் பதிவான ஆளின் விரல் வேண்டும். வெட்டியவர்களுக்குத் தெரியாத விஷயம், விரலில் நாடியும் ஓட வேண்டும் என்பது. செத்த விரலை முல்லை வாங்காது.

அதனால்தான் காசிலிங்கம் இன்னும் உயிரோடு இருந்தார்.

"பேசச் சொல்றாம்ல உங்க ஆளு," என்றார் அவர். உதடு வெளுத்திருந்தது. "பேசு தம்பி. எந்த ஊரு நீ?"

"நீங்க பேசாதீங்க. ரத்தம் வருது."

"ஒருத்தன் பேசுங்கிறான், ஒருத்தன் பேசாதங்கிறான். நல்ல கூட்டணி."

அவர் பேச்சில் ஒரு தெற்கத்தி இழுப்பு இருந்தது. சகாயத்தின் சித்தப்பா பேசுவது மாதிரியே இருந்தது.

"உங்ககிட்ட ஆயிரம் முல்லை இருக்குன்னு சொல்றாங்க. ஒண்ணைக் குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல?"

"எங்கிட்டயா? என்னுது ஒண்ணுகூட இல்லடா." சிரிக்கப் பார்த்தார். வலி விடவில்லை. "நெட் சென்டர் வச்சிருந்தேன், பஸ்டாண்டு எதுக்க. பத்தாப்பு பரீட்சைக்குப் பேரு பதியணும்னா ஈமெயில் கேட்டாங்க. மீன்பாடு பாக்குறவன் பிள்ளைக்கும் கரிமூட்டம் போடுறவன் பிள்ளைக்கும் ஏது ஈமெயில்? பள்ளிக்கூடத்து வாத்தியாருமாரு பேரையெல்லாம் கட்டு கட்டா கொண்டாந்து குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருவாக. நாந்தேன் ஒவ்வொரு பிள்ளைக்கா உக்காந்து முல்லை போட்டேன். எல்லாத்துக்கும் போன் நம்பரு எந்நம்பரு. ஓடிபி வரணும்ல."

"அந்தப் பசங்களுக்குத் தெரியாதா?"

"எதுக்குத் தெரியணும்? பரீட்சை எழுதுனானுக, சர்ட்டிபிகேட் வாங்குனானுக, போனானுக. பாஸ்வேர்டுகூட எல்லாருக்கும் ஒண்ணுதான். காசி ஒண்ணு ரெண்டு மூணு." இருமினார். துண்டுக்கு அடியில் ஏதோ குமிழியிட்டது. "பின்னாடி முல்லைக்காரன் விரல் வைங்கன்னான். ஆயிரத்துக்கும் ஒரே விரல். இந்தா, இதுதான்." கட்டைவிரலை லேசாக ஆட்டிக் காட்டினார், ஏதோ பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல.

"அதைத்தான் நீங்க வித்துக்கிட்டு இருக்கீங்க."

"எவன் சொன்னான் விக்கிறேன்னு? எவனாச்சும் கடைக்கு வந்து, 'அண்ணே, எனக்கு ஒண்ணு போட்டிருந்தீகளாமே'ன்னு பேரைச் சொன்னா, தேடி எடுத்துக் குடுத்துருவேன். உடையவன்கிட்டக் குடுக்க என்ன?"

"காதுல பூ சுத்தறான் மச்சான்," முன்னாலிருந்து டில்லி சொன்னான். "இந்தக் காலத்துல முல்லைய சும்மா குடுக்கறானாம், அன்னதானம்."

காசிலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலடா தம்பி. வந்து வாங்குன பயலுக அம்புட்டுப் பேரும், மெயில் பொட்டியத் திறந்து பாத்ததும் அழுவானுக. சந்தோசத்துல அழுறதில்ல. சாவு வீட்டு அழுகை. ஏன்டான்னு கேட்டா சொல்ல மாட்டானுக. அம்புட்டுத்தான், அப்பறம் கடைப்பக்கமே வரமாட்டானுக."

"உள்ள என்ன இருக்குன்னு நீங்க பாத்ததில்லையா?"

"அடுத்தவன் கடுதாசிய நான் எதுக்குப் பாக்கப் போறேன்?"

சகாயத்துக்கு அந்தக் கதையில் அக்கறை இல்லை. அவனுக்கு ஒரே கவலைதான். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர் வேலை. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். நாளைக் காலையில் அவனுக்கு முப்பது முடிகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பொதுவாலில் விண்ணப்பம் போட்டான். வழக்கமான மௌனம். இன்று மாலை ஆறு மணிக்குப் பட்டியலை மூடுகிறார்கள். அதற்குள் ஒரு முல்லை வாலோடு இன்னொரு விண்ணப்பம் போய்விட்டால் போதும். இல்லாவிட்டால் மறுபடியும் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. டிப்ளமா படித்த கையால், சாகிற வரைக்கும்.

"அண்ணே, ஒரே ஒரு முல்லை. எவனாவது வராம இருப்பான்ல, அவனோடதைக் குடுங்க. குடுத்தீங்கன்னா இப்பவே ஆஸ்பத்திரி."

"அது எவன் பொழப்போ. நீ உன் பேரைச் சொல்லுடா மொதல்ல."

"சொல்லாத," என்றான் டில்லி உடனே. "அதான் மூணு தபா கேக்கறான். நாளைக்கு கோர்ட்டுல வெரல நீட்டுவான், 'இவன்தாங்கய்யா'ன்னு."

சகாயம் முகமூடியை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

வண்டி நின்றது.

எண்ணூர் கடற்கரைச் சாலை. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்குப் பின்னால் கடல். மறு பக்கம் இரண்டு வரிசையில் கண்டெய்னர் லாரிகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். ஒன்றிலும் டிரைவர் கிடையாது. டிரைவர் உட்கார இடமும் கிடையாது. முகம் இல்லாத இரும்புப் பெட்டிகள், வெயிலில் முனகிக்கொண்டு. டில்லிபாபு இதே சாலையில் இருபது வருடம் கண்டெய்னர் ஓட்டியவன். லாரிகளுக்கு மூளை வந்த வருடம் அவன் லைசென்ஸ் வெறும் அட்டையாகிவிட்டது.

முன்னால் போன் அடித்தது. "ம்... ம்... சரிண்ணா" என்று டில்லி பேசுவது கேட்டது. சாவியைத் திருப்பி எடுக்கிற சத்தம். பின்கதவு திறந்து வெயில் உள்ளே கொட்டியது.

டில்லி ஏறினான். கையில் கம்பி வெட்டுகிற நீளமான கட்டர்.

"நவுரு மச்சான்."

"எதுக்கு?"

"முல்லை வாங்கி விக்கறானே, அந்த மணலிக்காரன் பேசினான். ஆளு வேணாமாம், வெரல் போதுமாம். புச்சா ஒரு டப்பா வந்துக்கீதாம். வெட்டின வெரலுக்குள்ள உப்புத்தண்ணிய அடிச்சு அடிச்சு நாடி மாதிரியே காட்டுமாம். ஐசுல போட்டு எடுத்தாரச் சொல்றான்."

"அப்ப ஆளை?"

டில்லி தாடையால் கடல் பக்கம் காட்டினான்.

"டேய், ஒரு முல்லைன்னுதான் பேச்சு."

"ஒன்னு உனுக்கு கண்டிப்பா உண்டு. ஆயிரம் கீது இவன் வெரல்ல. மீதிய பத்தி உனுக்கு இன்னா?"

"மீதி அந்தந்தப் பசங்களோடது." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

டில்லி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "குத்தினவனும் நீ. நாயம் பேசறவனும் நீயா? நல்லாக்கீதுடா."

குனிந்து காசிலிங்கத்தின் முழங்கை மேல் முழங்காலை ஊன்றினான். ஏதோ நொறுங்கியது. பெரியவர் கத்தவில்லை. கத்துவதற்குக் காற்று இல்லை. கட்டரின் இரண்டு உதடுகளும் கட்டைவிரலைக் கவ்விய நேரத்தில் சகாயம் பின்னாலிருந்து டில்லியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான்.

கட்டர் சுழன்று வந்து அவன் கன்னத்தில் இறங்கியது. வாயில் உடைந்த பல்லும் துரு வாசனையும். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு கதவு வழியாகத் தார்ச்சாலையில் விழுந்தார்கள். தார் தோசைக்கல்லாகக் கொதித்தது. டில்லி மேலே ஏறி உட்கார்ந்து, கட்டரின் கைப்பிடியைக் குறுக்காக வைத்துத் தொண்டையை அழுத்தினான். சகாயத்துக்கு வானம் ஓரங்களில் கறுக்கத் தொடங்கியது.

"உனுக்கு வேலை வேணும்னுதானடா கூட்டினு வந்தேன்," டில்லி மூச்சு வாங்கச் சொன்னான். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "உனுக்குன்னுதானடா."

சகாயத்தின் கை தரையைத் துழாவியது. வண்டியிலிருந்து அவர்களோடு சேர்ந்து விழுந்த ஜாக்கி லிவர் கையில் அகப்பட்டது. வீசினான். காதுக்கு மேலே பட்டது. மறுபடி வீசினான். அதே இடம். இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது, இளநீர் சீவுகிற சத்தம். தொண்டையிலிருந்து பாரம் இறங்கியது.

டில்லி எழுந்து நின்றான். எழுந்தவனுக்குத் திசை தெரியவில்லை. குடித்தவன் போல இரண்டடி பின்னால் வைத்து, பக்கத்து வரிசை லாரியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் மல்லாக்க விழுந்தான்.

வரிசை நகர்ந்தது.

முன்னால் எதுவும் இல்லை என்று லாரிக்குத் தெரிந்தது. முன்னால் பார்க்க மட்டும்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருபது வருட அனுபவம் உள்ள ஒரு டிரைவர் இருந்திருந்தால் கண்ணாடியில் பார்த்திருப்பான்.

சகாயம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஆனால் காதைத் திருப்ப முடியாது.

பின்சக்கரங்கள் ஏறி இறங்கிய பிறகு லாரி ஒரு வண்டி நீளம் போய் ஒழுங்காக நின்றது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குட்டியானையின் சாவி டில்லியின் கால்சட்டைப் பையில் இருந்தது. இப்போது அங்கே பை என்று சொல்ல எதுவும் இல்லை.

வண்டிக்குள் ஏறினான். துண்டைத் தேடி எடுத்து மறுபடி அழுத்தினான். ஒரு கையால் காசிலிங்கத்தின் போனை எடுத்து நூற்றெட்டுக்கு அடித்தான். ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். "கிளம்பியாச்சு சார். கண்டெய்னர் லைன் நகர்ந்தாதான் உள்ள வர முடியும். காயத்து மேல வச்ச கையை மட்டும் எடுத்துடாதீங்க. எடுத்தா தாங்காது."

"சரிங்க."

முகமூடி ரத்தத்தில் ஊறி மூச்சை அடைத்தது. கழற்றி எறிந்தான். காசிலிங்கம் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சின்னப் பயலாத்தான் இருக்க. இப்பவாச்சும் பேரைச் சொல்லுடா."

இனி மறைக்க என்ன இருக்கிறது? "தேவசகாயம்."

"அப்பா பேரு?"

"அந்தோணிப்பிச்சை. மூக்கையூரு."

பெரியவரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. சாகப்போகிறவர் கண்ணில் வரக்கூடாத வெளிச்சம். "மூக்கையூரா? கிங்ஸ்லி சார் கட்டுடா அது. உங்க ஊருப் பிள்ளைக பேரெல்லாம் ரயிலு மாதிரி நீளம். அடிச்சு முடியல எனக்கு. திட்டிக்கிட்டே அடிச்சேன்."

கிங்ஸ்லி சார். கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்பில் எல்லாருடைய பெயரையும் பிறந்த தேதியையும் வாங்கிக்கொண்டு, "ராமநாதபுரம் போய்ட்டு வந்துர்றேன், சத்தம் போடாம இருங்கடா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவர்.

"அண்ணே, எனக்கு முல்லை கிடையாதுண்ணே."

"எவன் சொன்னான்? என் விரலைத் தூக்கி அதுல வை. நாடி இருக்கும்போதே வை. விரலை எடுத்தா மூடிக்கிரும், பாத்துக்க."

சகாயம் அந்த விரலைத் தூக்கினான். முழங்கை ஒடிந்த கை கயிறு மாதிரி வந்தது. விரலைத் திரையில் வைத்துப் பிடித்துக்கொண்டு தன் பெயரைத் தட்டினான்.

இருந்தது. முழுப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்து, சுழி, முல்லை. பதினைந்து வருடமாக இருந்தது.

கடைக்குள் போய்ப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும்.

பெட்டி திறந்தது. அதில் ஒரு கடிதம்கூடப் படிக்கப்படவில்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலை. ஓசூர் மோட்டார் ஆலை. தூத்துக்குடி மின் நிலையம். அவன் எங்கெங்கே விண்ணப்பித்து மௌனத்தை வாங்கினானோ அங்கிருந்தெல்லாம். எல்லாம் நிதானி அனுப்பியவை. 'அன்புள்ள தேவசகாயம், நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறோம்.' 'அன்புள்ள தேவசகாயம், தாங்கள் வராததற்கு வருந்துகிறோம்.' 'அன்புள்ள தேவசகாயம்.' 'அன்புள்ள தேவசகாயம்.'

வந்து வாங்கிய பையன்கள் ஏன் அழுதார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஏன் வெளியே சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. சொன்னால் வரிசையில் இன்னும் ஆயிரம் பேர் வந்து நிற்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, இன்று காலையில் வந்த கடிதம். துறைமுகம்.

'அன்புள்ள தேவசகாயம், இரண்டு மாதங்களுக்கு முன் தாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் பேரில் கிரேன் ஆபரேட்டர் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள். இன்று மாலை ஆறு மணிக்குள் சம்மதம் தெரிவிக்கவும். விண்ணப்பதாரர் எந்த முகவரியிலிருந்து விண்ணப்பித்தாலும் தேர்வில் அது கணக்கில் கொள்ளப்படுவதில்லை. பதில்கள் வழக்கம்போல், பத்தாம் வகுப்புத் தேர்வுப் பதிவேட்டில் உள்ள முகவரிக்கு மட்டுமே அனுப்பப்படுகின்றன.'

கீழே பச்சைக் கட்டத்தில் ஒரே சொல். சம்மதம். மேலே மணி ஐந்தே முக்கால்.

அவன் அதைத் தொட்டான். திரை ஏற்கவில்லை. விரலில் இருந்த ரத்தம் கண்ணாடியில் வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டான். அப்போதுதான் கவனித்தான். ஒரு கை பெரியவரின் விரலைப் பிடித்திருக்கிறது. ஒரு கை திரையில் இருக்கிறது.

துண்டு தனியாகக் கிடந்தது.

"அண்ணே," என்றான்.

எங்கோ தூரத்தில், லாரிகளுக்கு அந்தப் பக்கம், ஆம்புலன்சின் சத்தம் கேட்டது. வரிசை நகரவில்லை. திரையிலிருந்த பச்சைக் கட்டம் மங்கியது, கடிதங்கள் மங்கின, 'அன்புள்ள தேவசகாயம்' மங்கியது. வெள்ளைத் திரையில் இரண்டு வரி வந்து பொறுமையாக நின்றது.

நாடி கிடைக்கவில்லை.
விரலை மீண்டும் வைக்கவும்.